கொல்லை மண்

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததே பின்பக்கத்து இடத்துக்காகத்தான். முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் விசேஷமில்லை. இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம், மழை பெய்தால் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் ஒரு கதவு. ஆனால் சமையலறையின் பின்கதவைத் திறந்தால் பதினைந்தடிக்கு இருபதடி வெறும் மண். மூன்று பக்கம் சுவர், மேலே முழு வானம். பகலெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் டார்ச் விளக்கோடு வேலை செய்கிறவனுக்கு அந்த வானமே பெரிய விஷயம். ஓனர் கூடத்தில் நின்று தண்ணீர் வரும் நேரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் கொல்லையில் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் உதிர்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டைப் பாக்கச் சொன்னா மண்ணைப் பாக்கறாரும்மா உங்க வீட்டுக்காரர்," என்றார் ஓனர்.

"அவர் ஒண்ணு அண்ணாந்து பாப்பார், இல்ல குனிஞ்சு பாப்பார். நேரா பாக்கறதெல்லாம் நான்தான்," என்றாள் மனைவி. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை.

முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்திப் போட்டான். ஒரு முழ ஆழத்தில் கறுப்பு பிளாஸ்டிக் சில்லுகளும், சாம்பல் நிறத் தகட்டுத் துண்டுகளும் வந்தன. பழைய பாட்டரி உடைசல் என்று பார்த்ததுமே தெரிந்தது. லிஃப்டின் அவசர விளக்குக்கான பாட்டரியை மாற்றி மாற்றிக் கைக்குப் பழகிய சாமான்தான். முன்னொரு காலத்தில் இங்கே யாரோ பாட்டரிப் பட்டறை வைத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்கிப்போட்டான். கண்ணில் பட்டதெல்லாம் போய்விட்டது. மண் சுத்தமாகிவிட்டது என்று எண்ணினான்.

பிறகு அந்த இடம் அவன் சொன்ன பேச்சைக் கேட்டது. காய்கறித் தோலும் டீத்தூள் சக்கையும் சருகும் போட்டு எரு செய்தான். கதவோரம் கீரைப் பாத்தி, நடுவில் முள்ளங்கி, கேரட், பீட்ரூட், சுவரை ஒட்டித் தக்காளி, கம்பி வலையில் பீன்ஸ். கீரை அறுக்க அறுக்கத் தழைத்தது. மச்சான் வந்தால், "என்ன மாப்பிள்ளை, பாதி நேரம் மெக்கானிக், மீதி நேரம் மிராசுதாரா?" என்று கேலி செய்துவிட்டு இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு போவான். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: கைராசி.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பன் கொல்லைக்கு இறங்கினால் அவளும் இறங்குவாள். பிஞ்சு பீன்ஸைச் செடியிலேயே கடித்துவிட்டு மீதியை அப்படியே தொங்க விடுவாள். கேரட்டைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துத் தின்பாள். அதனால் அவளுக்கு அணில் என்று பெயர் வந்தது. ஒரு தரம் வாயைச் சுற்றி மண்ணோடு அவள் உள்ளே வந்தபோது மனைவி கத்தினாள். "விடு, நம்ம மண்ணுதானே. கடையில விக்கிற மருந்தடிச்ச காயைவிட இது மேல்," என்றான் அவன். சொன்னபோது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் லாரி ஓட்டுநர். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வருவான். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு, அணிலுக்கு நாலு வயது ஆகப்போகிற சமயத்தில், அவள் உண்டானாள். அந்தச் செய்தியைச் சுவருக்கு மேலாக மனைவியிடம் அவள் சொன்ன நாளிலிருந்து, வாரத்துக்கு மூன்று தடவை அவன் ஒரு கட்டுக் கீரையைச் சுவர்மேல் வைத்துத் தட்டுவான். தையல் மெஷின் சத்தம் நிற்கும். வளையல் போட்ட ஒரு கை வந்து கட்டை எடுத்துக்கொள்ளும்.

"எதுக்கண்ணே இவ்வளவு?"

"உனக்கா கொடுக்கறேன்? உள்ள இருக்கறவங்களுக்குக் கொடுக்கறேன். நீ வெறும் போஸ்ட்மேன்."

அவள் சிரிப்பது கேட்கும். மெஷின் மறுபடி ஓடும்.

அணிலுக்கு நாலு வயது முடிந்த சமயம் வயிற்றுவலி ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயோடு எழுந்துவிடுவாள். மலம் போக மூன்று நாள், நாலு நாள் ஆகும். எதற்கெடுத்தாலும் அழுகை, அடம். முதல் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டாவது டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கு. கீரை நிறையக் கொடுங்க," என்றார்.

"கீரைதானே டாக்டர், வீட்டுலயே இருக்கு," என்றான் அவன்.

அதற்குப் பிறகு தினமும் கீரை. மகள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். இவன் மூக்கைப் பிடித்து ஊட்டுவான். லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிக் கதை சொல்லிச் சொல்லி, அவள் வாய் திறக்கும் நொடியில் கரண்டியை உள்ளே விடுவான். கிண்ணம் காலியானால் மனைவியிடம் கவிழ்த்துக் காட்டுவான். இரண்டு மாதம் இப்படி நடந்தது. மகள் இன்னும் வெளிறினாள். நர்சரியில் அவளுக்குப் பாடம் எடுக்கும் மிஸ் ஒருநாள், "போன வருஷம் இவ எல்லா நிறமும் சொல்லுவா. இப்ப சிவப்பைக் காட்டினா என் முகத்தையே பாக்கறா," என்றாள்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ரத்தம் எடுக்கச் சொன்னார். வழக்கமானதோடு இன்னொன்றும் எழுதினார். நாலாம் நாள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் பெயின்ட் உதிர்கிறதா, குழந்தைக்கு எந்தப் பொம்மை, சமைக்கிற பாத்திரம் என்ன, குடிக்கிற தண்ணீர் எந்தக் குழாய். எல்லாவற்றுக்கும் மனைவி சரியாகப் பதில் சொன்னாள்.

"காய்கறி?"

"வெளிய வாங்கறதே இல்லை டாக்டர். எல்லாம் வீட்டுத் தோட்டம். இவர் கைப்பட வளக்கறது," என்றாள் மனைவி.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். கறுப்புச் சில்லுகளும் சாம்பல் தகடுகளும் சாக்கில் விழுந்த சத்தம்கூட அவனுக்கு ஞாபகம் வந்தது. "பாட்டரி," என்றான். 

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அளவு முப்பத்தொன்று. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். மண்ணை ஒரு டப்பாவில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வரும்வரை கொல்லைக் கதவைப் பூட்டிவைக்கச் சொன்னார்.

"சரிங்க. இப்ப அவளுக்கு என்ன மருந்து?" என்றான்.

"நாப்பத்தஞ்சைத் தாண்டினா அதை வெளியேத்தற மருந்து இருக்கு. இந்த அளவுக்கு அது கொடுக்கறதில்லை. கொடுத்தாலும் மூளைக்குப் பெரிசா பலன் இல்லைன்னு பாத்திருக்காங்க."

"அப்ப முப்பத்தொண்ணுக்கு?"

"எங்கிருந்து உள்ள போகுதோ அதை நிறுத்தணும். இரும்புச்சத்து, கால்சியம் தரேன். மாசா மாசம் ரத்தம் பாக்கலாம். தானா இறங்கும். மெதுவாத்தான் இறங்கும். எலும்புல போய்ச் சேர்ந்திருக்கும்."

"இறங்கிட்டா பழையபடி ஆயிடுவாளா?"

டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "சில பேருக்கு வித்தியாசமே தெரியாது. சில பேருக்குப் படிப்புல, கவனத்துல கொஞ்சம் பின்தங்கும். இவளுக்கு எப்படின்னு இப்ப என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது."

பதினாறு வருஷத் தொழிலில் எத்தனையோ லிஃப்டுகள் நடுவில் நின்றிருக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள், அழுவார்கள். இவன் மேலே இருந்து, "வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்," என்பான். எது பழுதோ அதைக் கண்டுபிடிப்பான், மாற்றுவான், கதவு திறக்கும். பழுது இதுதான் என்று தெரிந்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவனுக்குப் பழக்கமே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் மனைவியிடம், "என் ரத்தத்தை எடுத்து மாத்த முடியாதான்னு கேட்டிருக்கணும்," என்றான்.  மகள் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மண் ஆய்வின் முடிவு பத்து நாளில் வந்தது. இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவைப் போல ஏழு மடங்கு. கீரையிலும் கிழங்குகளிலும் அதிகம் ஏறும் என்றும், எல்லாவற்றையும்விடக் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போன மண்தான் மோசம் என்றும் டாக்டரம்மா விளக்கினார். அவனுக்கும் மனைவிக்கும்கூட ரத்தம் எடுத்தார்கள். அவனுக்குப் பதினேழு, அவளுக்குப் பதினாலு. அதை அவர்கள் இருவரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவகிட்ட சொல்லணும்," என்றாள்.

"தெரியும்."

"நான் போய்ச் சொல்லவா? பொம்பளைக்குப் பொம்பளை."

"கொடுத்தது நான்," என்றான். சட்டையை மாற்றிக்கொண்டான். எதற்கு மாற்றினோம் என்று பிறகு யோசித்தும் அவனுக்குப் புரியவில்லை.

தையல்காரி பள்ளிச் சீருடைகளின் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது மாதம். வயிறு மெஷின் மேஜையில் இடிக்கிறது என்று கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே. பத்து நாளா கீரையே காணோமேன்னு பாத்தேன். கேக்கறதுக்கும் கூச்சமா இருந்துச்சு. அணில் எப்படி இருக்கா?"

அவன் நின்றபடியே சொன்னான். வரும்போது வாக்கியங்களை வரிசையாகக் கட்டிவைத்திருந்தான். எல்லாம் உதிர்ந்துபோய், பாட்டரி என்றும் மண் என்றும் முப்பத்தொன்று என்றும் துண்டு துண்டாகத்தான் வந்தன. அவள் முதலில் அணிலைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்து, "ஐயோ பாவம், குழந்தைக்கா," என்று உச்சுக்கொட்டினாள். பிறகு அவள் கை மெஷின் சக்கரத்திலிருந்து மெதுவாக விலகி வயிற்றின்மேல் வந்தது.

"நான் சாப்பிட்டதுலயுமா?"

"அதே பாத்திதாம்மா."

"அஞ்சு மாசமா சாப்பிட்டேனே."

"ஆமா."

"எவ்வளவு சாப்பிட்டா எவ்வளவு உள்ள போகும்?"

"தெரியலைம்மா."

"வயித்துக்குள்ளயும் போகுமா?"

டாக்டரம்மா அதையும் சொல்லியிருந்தார். தொப்புள்கொடி ஈயத்தைத் தடுக்காது என்று சொல்லியிருந்தார். அவன் தரையில் கிடந்த துணிக் கத்தரிப்புகளைப் பார்த்துக்கொண்டு, "போகுமாம்," என்றான். "நாளைக்கே போய் ரத்தம் பாக்கணும். டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். உன்னை உடனே பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நானே ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் அழவில்லை. திட்டவில்லை. "தெரியாமத்தானே கொடுத்தீங்க," என்றாள். அதைச் சொன்னவளின் குரல் வேறு யாரிடமோ கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்து, "போயிட்டு வாங்கண்ணே. உங்க வீட்டு அக்காகூட நான் போய்க்கறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை.

தையல்காரிக்கு ஒன்பது இருந்தது. அவளுக்கும் அதே மருந்துதான். இரும்பு, கால்சியம், காத்திருத்தல்.

லாரி ஓட்டுநர் அந்த வாரக் கடைசியில் ஊர் திரும்பினான். ஆறடி ஆள், அகலமான கை. காலையிலேயே வாசலில் வந்து நின்றான். அவன் மனைவி பின்னால் ஓடிவந்து, "வேணாங்க, வந்துடுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வெளியே வந்து அவன் முன்னால் நின்றான். ஓர் அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றியது. ஓட்டுநரின் கை பாதிவரை உயர்ந்தது. அப்போது அணில் உள்ளேயிருந்து வந்து தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், சுண்டிப்போன முகம்.

ஓட்டுநர் அவளைப் பார்த்தான். கை இறங்கியது. "யாரை அடிக்கறதுன்னே தெரியலையே," என்றான். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொஞ்சநேரம் கழித்து மெக்கானிக்கும் ஓர் ஓரமாக உட்கார்ந்தான்.  மெக்கானிக்கின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடிக்கவில்லை. ஏடு படிந்ததும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஓனரிடம் போய்க் கேட்டான். "பாட்டரிக்காரனா? அது எங்கப்பா காலத்துல வாடகைக்கு இருந்தவன். செத்தே பன்னெண்டு வருஷம் ஆச்சு," என்றார் அவர். சங்கடத்தோடு, "சத்தியமா எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. நான் சின்னப் பையனா இருந்தப்ப அங்கதான் விளையாடுவேன்," என்றார். அவரையும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கினான். அந்த வருஷம் தக்காளி காய்த்தது போல் எப்போதும் காய்த்ததில்லை. செடிக்கு முட்டுக் கொடுக்கும்படி பழம். ஒவ்வொன்றும் பார்வைக்கு அப்படி ஓர் அழகு. எருக்குழியில்கூடப் போடக்கூடாது. கறுப்புப் பைகளில் திணித்துக் கட்டினான். மண் தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிடுங்க வேண்டியிருந்ததால், வழக்கமாகத் தண்ணீர் விடுகிற வேலை மாதிரியே இருந்தது. மகள் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என் பீன்ஸ். அப்பா, அது என்னுது," என்று அலறினாள். பூட்டிய கதவைக் காலால் உதைத்தாள். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கிருந்தும் கேட்டது. வேலை முடியும்வரை கேட்டது.

இரண்டு மாதத்தில் அவர்கள் வேறு பேட்டையில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனார்கள். ஓனர் கொல்லை முழுக்க சிமென்ட் போட்டு மூடிவிட்டார் என்று மச்சான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். புது வீட்டில் மண் என்று ஒரு பிடி கிடையாது. கடையில் காய்கறி வாங்கி, அவன் மூன்று தண்ணீரில் கழுவுவான். மனைவி போதும் என்று சொன்ன பிறகும் கழுவுவான்.

முப்பத்தொன்று இருபத்தொன்பது ஆயிற்று. அடுத்த மாதமும் இருபத்தொன்பதேதான். பிறகு இருபத்தாறு. வயிற்றுவலி நின்றது. பசி கொஞ்சம் வந்தது. சிவப்பைச் சிவப்பு என்று சொன்னாள். நீலத்தையும் பச்சையையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். அந்த வயதில் நிறையக் குழந்தைகள் அப்படிச் சொல்லும் என்றாள் மனைவி. அவன் தெருவில் போகிற வருகிற குழந்தைகளையெல்லாம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். எந்த வயதில் எது என்ன சொல்கிறது, எதை மறக்கிறது, எத்தனை தரம் கூப்பிட்டால் திரும்புகிறது. ஒரு பெண்மணி அவனை முறைத்துவிட்டுத் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

தையல்காரிக்குப் பிள்ளை பிறந்த செய்தியை மனைவிதான் சொன்னாள். பையன். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஏழு. அவன் பார்க்கப் போகவில்லை. அவர்கள் அவனைக் கூப்பிடவும் இல்லை. மனைவி மட்டும் போய்விட்டு வந்தாள். "நல்லா கொழுக்மொழுக்னு இருக்கான்," என்று மட்டும் சொன்னாள்.

ஏழாவது தடவை ரத்தம் கொடுக்கப் போன அன்று, டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு மாதக் குழந்தை. அவன் வாசலிலேயே நின்றான். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தான். ஆனால் அணில் அவன் கையை உதறிவிட்டு ஓடி, குழந்தையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோய், "இவன் பேரு என்ன?" என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் அவன் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

 அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னிக்கு எவ்வளவு வரும்னு நினைக்கறீங்கண்ணே, அணிலுக்கு?"

"இருபத்திரண்டு வந்தா நல்லது."

"இவனுக்கு அஞ்சுக்குக் கீழ வரணும்."

"வரும்மா."

சொன்னபிறகு, வரும் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தான்.

அவள் தன் சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினாள். இது அவள் பலமுறை செய்து பழகிய காரியம் என்று கை நகர்ந்த விதத்திலேயே தெரிந்தது. குழந்தையின் கண் சாவியோடு கொஞ்சதூரம் போனது. பிறகு விளக்கைப் பார்த்தது. பிறகு அணிலைப் பார்த்தது.

"பாக்கறானா?" என்றாள். "வீட்டுல நானே பாத்துப் பாத்து எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சொல்லுங்க. சாவியைத்தான் பாக்கறானா?"

அவன் குனிந்து குழந்தையின் கண்ணைப் பார்த்தான். தெளிவான, ஈரமான, சின்னக் கறுப்புக் கண். அதில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை.

"பாக்கறான்மா," என்றான்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க," என்று அவள் மறுபடியும் சாவியை இடப்பக்கம் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து நர்ஸ் அணிலின் முறை வந்துவிட்டதென்று கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்காமல் இன்னொரு தரம் பார்த்தான்.